பிறப்பிடமா, போய்ச்சேரும் இடமா: உயிர்மூலப் பிளாஸ்டிக் எழுப்பும் அறக்கேள்வி

கரும்புச் சர்க்கரை, மக்காச்சோள மாவு, மரக்கூழ், ஆமணக்கெண்ணெய் போன்ற உயிருள்ளவற்றின் விளைச்சலிலிருந்து செய்யப்படும் பிளாஸ்டிக்குக்கு உயிர்மூலப் பிளாஸ்டிக் என்று பெயர். கச்சா எண்ணெயை விட்டு இந்த வழிக்கு மாற ஐரோப்பிய நாடுகள் பல ஆண்டுகளாகக் கூட்டாக ஆராய்ந்து வருகின்றன. உணவுப் பொதியுறைகள் இந்த ஆய்வின் முக்கிய இலக்குகளில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் பயன்படும் பிளாஸ்டிக்கில் சுமார் 40 விழுக்காடு பொதியுறைகளுக்கே போகிறது. 2022ஆம் ஆண்டில் அங்கே சேர்ந்த பொதியுறைக் கழிவு, காகிதம் கண்ணாடி எல்லாம் சேர்த்து, தலைக்கு 186 கிலோவுக்கும் மேல்.

வேதியியலாகவும் பொருளாதாரமாகவும் பேசப்படும் இந்த முயற்சிக்கு அடியில் தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதை எதை வைத்துச் சொல்வது? அது எதிலிருந்து பிறந்தது என்பதை வைத்தா, கடைசியில் அது என்ன ஆகிறது என்பதை வைத்தா, அதைச் செய்பவரும் வாங்குபவரும் ஏற்கும் பொறுப்பை வைத்தா? உயிர்மூலப் பிளாஸ்டிக்கின் வரலாறு இந்த மூன்று விடைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்த வரலாறு.

செடியில் தொடங்கிய கதை

பிளாஸ்டிக்கே செடியில்தான் தொடங்கியது. 1862இல் லண்டனில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் காட்சிக்கு வைத்த ‘பார்க்சின்’, தாவர செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தால் மாற்றிச் செய்தது. அதன் வழித்தோன்றலான செல்லுலாய்டை அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் உருவாக்கியபோது, பில்லியர்ட்ஸ் பந்துக்காக யானைகளைக் கொன்று தந்தம் எடுப்பதற்கு மாற்றாக அது வரவேற்கப்பட்டது. 1899இல் ஜெர்மனியில் பால் புரதமான கேசினிலிருந்து ‘கேலலித்’ செய்யும் முறை காப்புரிமை பெற்றது. சட்டைப் பித்தான்களும் பின்னல் ஊசிகளும் அதில் வந்தன. உணவைச் சுற்றும் கண்ணாடித்தாளான செல்லோஃபேனை சுவிட்சர்லாந்தின் ஜாக் பிராண்டன்பெர்கர் மரக்கூழிலிருந்து எடுத்தார். முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைட், பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லாண்டின் கையில் 1907இல்தான் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கச்சா எண்ணெய் மலிவாகப் பெருகவே, செடியும் பாலும் ஓரங்கட்டப்பட்டன.

இந்த வரிசையில் ஒரு பழக்கம் தென்படுகிறது. புதிய பொருள் பெரும்பாலும் பழைய பொருளின் குற்றத்துக்குக் கழுவாயாக வந்து சேர்கிறது. யானையைக் காக்க வந்த செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றியது. எளிதில் தீப்பற்றாமலும் உடையாமலும் அழுகாமலும் இருந்த செயற்கைப் பிளாஸ்டிக், அழியாமையையே தன் குற்றமாக்கிக்கொண்டது. இப்போது மறுபடி செடியிடம் திரும்புவதும் ஒரு கழுவாயாகவே பேசப்படுகிறது. பழைய குற்றம் இல்லை என்பதாலேயே புதியது நல்லதாகிவிடாது என்பதற்கு அந்த வரலாறே சாட்சி.

இயற்கையானது நல்லதா

செடியிலிருந்து வந்தது, ஆகவே இயற்கையானது. இயற்கையானது, ஆகவே நல்லது. உயிர்மூலப் பொருள்களுக்கான விளம்பரங்கள் பலவும் இந்த இரண்டு படிகளில் ஏறுகின்றன. இரண்டுமே ஆட்டம் காண்பவை.

முதல் படியை அரிஸ்டாட்டில் தம் ‘இயற்பியல்’ நூலின் இரண்டாம் பகுதியில் ஆராய்ந்தார். இயற்கைப் பொருளுக்கு வளரவும் மாறவும் வேண்டிய உந்துதல் தனக்குள்ளேயே இருக்கிறது. செய்பொருளுக்கு அது செய்தவரிடமிருந்து வருகிறது. அன்டிஃபோன் என்ற கிரேக்கச் சிந்தனையாளர் சொன்ன ஓர் உதாரணத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். மரக்கட்டிலை மண்ணில் புதைத்து, அது அழுகி, அதிலிருந்து ஒரு முளை கிளம்பினால், முளைப்பது மரமாக இருக்குமே தவிர கட்டிலாக இருக்காது. கட்டில் என்ற உருவம் மனிதர் ஏற்றியது. மரம் என்ற தன்மை இயற்கையுடையது. ஒரு செய்பொருளின் உள்ளியல்பை அறிய அதைப் புதைத்துப் பார் என்னும் அந்தச் சோதனை, மட்கும் பிளாஸ்டிக்கைச் சோதிக்கும் இன்றைய ஆய்வுக்கூடங்களின் வேலைக்கு மிக அருகில் வருகிறது.

இரண்டாம் படியை ஜான் ஸ்டூவர்ட் மில் தகர்த்தார். அவர் இறந்த பின் 1874இல் வெளியான ‘இயற்கை’ என்ற கட்டுரையின் வாதம் எளிமையானது. இயற்கை என்பது நடக்கும் அனைத்தையும் குறித்தால், அதைப் பின்பற்று என்பதற்குப் பொருளில்லை. எவரும் அதை மீற முடியாது. மனிதர் கை படாதது மட்டுமே இயற்கை என்றால், அதைப் பின்பற்று என்பது தவறான அறிவுரை. மனிதரின் ஒவ்வொரு நற்செயலும் இயற்கையை ஏதோ ஒரு வகையில் மாற்றுவதுதான்.

தத்துவத்தில் தீராத இந்தக் கோட்டை ஐரோப்பியச் சட்டம் போட்டே ஆகவேண்டியிருந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பற்றிய 2019ஆம் ஆண்டின் ஒன்றிய நெறிமுறை, வேதியியல் மாற்றம் செய்யப்படாத இயற்கைப் பாலிமர்களை (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை) தன் பிடியிலிருந்து விலக்கியது. எது இயற்கைப் பாலிமர் என்ற கேள்வி அங்கே பிஎச்பி என்ற பொருளில் வந்து முட்டியது.

பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் மொரீஸ் லெமுவாஞ் 1920களின் நடுவில் ஒரு மண் பாக்டீரியாவுக்குள் கண்டறிந்த பொருள் அது. தழைச்சத்து குறைந்து, சர்க்கரை மிகுந்து கிடைக்கும் நேரத்தில் பாக்டீரியா மிச்சச் சர்க்கரையை பிஎச்பியாக மாற்றித் தன் உடலுக்குள் சிறு மணிகளாகச் சேர்த்து வைக்கிறது. பஞ்சம் வரும்போது அதையே கரைத்து உண்கிறது. தகுந்த சூழலில் அதன் உலர் எடையில் பாதிக்கும் மேல் இந்த மணிகளாகவே இருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து உருக்கினால் குப்பி வார்க்கலாம். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் இந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்றை ‘பயோபோல்’ என்ற பெயரில் விற்றது. 1990இல் ஜெர்மனியில் வெல்லா நிறுவனத்தின் ஷாம்பு அந்தக் குப்பியில் கடைக்கு வந்தது.

மண்ணில் வாழும் பாக்டீரியா செய்தாலும் ஆலைத் தொட்டியில் வளர்க்கப்பட்ட பாக்டீரியா செய்தாலும் அந்த மூலக்கூறு ஒன்றே. ஆனால் 2021இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விளக்கம், பாலிமர் உருவாகும் செயல் இயற்கையில் நடந்திருக்க வேண்டும் என்றது. தொழிற்சாலைத் தொட்டியில் நொதித்து வந்தது இயற்கைப் பாலிமர் ஆகாது, பிளாஸ்டிக்காகவே கொள்ளப்படும். மூலக்கூறில் இல்லாத வேறுபாடு ஒன்று அதன் வரலாற்றில் இருப்பதாகச் சட்டம் கருதுகிறது. இயற்கை என்பது பொருளுக்குள் இருக்கும் குணமா, பொருளுக்கும் மனிதருக்கும் உள்ள உறவா என்ற கேள்வியில் சட்டம் இரண்டாவதன் பக்கம் நின்றது. அந்தக் கோடு சரியா என்று இன்னமும் வாதிடலாம். அது காட்டும் ஓர் உண்மை மட்டும் நிலைக்கும்: பிறப்பை மட்டும் வைத்து ஒரு பொருளுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

பிறப்பு வேறு, முடிவு வேறு

செடியிலிருந்து வந்தால் மண்ணில் மட்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் இவை ஒன்றையொன்று சாராத இரண்டு குணங்கள். பிரேசிலில் கரும்பிலிருந்து செய்யப்படும் பாலிஎத்திலீன், எண்ணெயிலிருந்து வந்த பாலிஎத்திலீனைப் போலவே மட்காது. பிரான்சில் 1940களில் உருவாகி இன்றும் விற்கும் ‘ரில்சான்’ என்ற நைலான் ஆமணக்கெண்ணெயில் பிறந்தது. ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய குழாய்களுக்கே அது பயன்படுகிறது. கச்சா எண்ணெயிலிருந்து செய்து, ஆனால் மட்கும்படி வடிவமைத்த பிளாஸ்டிக்கும் உண்டு.

மட்கும் என்ற சொல்லும் நிபந்தனையோடு வருவது. ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரநிலை, பொதியுறை 12 வாரங்களில் சிறு துகள்களாக உதிர வேண்டும், 6 மாதங்களில் அதன் கார்பனில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாற வேண்டும் என்கிறது. இந்தச் சோதனை தொழில்முறை உரக்கிடங்கின் வெப்பத்தில், 58 பாகை செல்சியஸ் அளவில் நடப்பது. மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து வரும் பிஎல்ஏ கோப்பை அங்கே தேர்ச்சி பெறும். குளிர்ந்த கடலில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மட்குதல் பொருளின் குணம் மட்டுமன்று. பொருளும் அதைப் பெற்றுக்கொள்ளும் இடமும் சேர்ந்து நிகழ்த்துவது அது.

இத்தாலியையும் ஜெர்மனியையும் ஒப்பிட்டால் இது தெளிவாகும். இத்தாலியின் நோவாரா நகரில் உள்ள நோவாமோன்ட் நிறுவனம் மாவுச்சத்தை அடிப்படையாகக் கொண்ட ‘மாட்டர்-பி’ என்ற பொருளை உருவாக்கியது. மட்காத கடைப்பைகளை இத்தாலி 2011இல் தடை செய்தது. மிலான் மாநகராட்சி 2012இலிருந்து 2014க்குள் நகரம் முழுவதும் சமையலறைக் கழிவைத் தனியே எடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. காய்கறி வாங்கி வந்த மட்கும் பை அடுத்த நாள் அதே காய்கறியின் தோலோடு உரக்கிடங்குக்குப் போகிறது. ஜெர்மனியின் பல ஊர்களிலோ அதே வகைப் பையைக் கரிமக் கழிவுத் தொட்டியில் போட அனுமதியில்லை. அங்குள்ள உரக்கிடங்குகள் பல, 12 வாரம் காத்திருக்காமல் உரத்தை எடுத்துவிடுகின்றன. பை பாதி உதிர்ந்த நிலையில் சல்லடையில் மாட்டும். ஒரே பை ஓர் ஊரில் உரம், மற்றோர் ஊரில் குப்பை. நன்மை பையில் இருந்திருந்தால் எல்லை தாண்டும்போது அது மாறியிருக்காது.

நஞ்சு பற்றிய கேள்வியும் இதே திசையில் போகிறது. ஃபிராங்க்ஃபர்ட் கோதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் 43 உயிர்மூல, மட்கும் பொருள்களைச் செல்களின்மேல் சோதித்தபோது, அவற்றில் மூன்றில் இரண்டு பங்கின் சாறு ஏதோ ஒரு நச்சு விளைவைக் காட்டியது. இந்த விளைவு மனிதருக்குக் கேடு செய்யும் என்று அதனாலேயே ஆகிவிடாது. செடியில் பிறந்த பிளாஸ்டிக்கிலும் நிறமி, மென்மையூட்டி, நிலைப்படுத்தி எனப் பல வேதிப்பொருள்கள் கலக்கப்படுகின்றன என்பதையும், அவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதையும் அது உறுதிப்படுத்தியது.

நிலம், உணவு, மிச்சம்

அடுத்த அறக்கேள்வி நிலம் பற்றியது. உண்ணக்கூடியதைக் கொண்டு உறை செய்யலாமா? இன்றைய அளவில் இதற்குப் பயன்படும் நிலம், உலகின் வேளாண் நிலத்தில் நூற்றில் ஒரு பங்கைவிட மிகக் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டன் பிளாஸ்டிக் செய்யும் உலகில் உயிர்மூலப் பிளாஸ்டிக்கின் பங்கும் ஒரு விழுக்காட்டை ஒட்டியதுதான். எனவே இப்போது கேடில்லை என்பது ஒரு விடை. ஆனால் 1785இல் இம்மானுவேல் காண்ட் முன்வைத்த சோதனை, ஒரு செயலைச் சிலர் செய்வதால் வரும் விளைவைப் பார்க்கச் சொல்வதில்லை. அந்தச் செயலின் கொள்கை எல்லாருக்கும் விதியானால் அதை ஏற்க முடியுமா என்று கேட்கிறது. பிளாஸ்டிக்கின் அளவைக் குறைக்காமல், மூலத்தை மட்டும் எண்ணெயிலிருந்து செடிக்கு மாற்றும் கொள்கை உலகப் பொதுவானால், ஒரு விழுக்காட்டில் இல்லாத நெருக்கடி நூறு விழுக்காட்டில் வந்து நிற்கும்.

இதற்கு விடை தேடித்தான் ஆய்வு உணவுப்பயிரை விட்டு உணவின் மிச்சத்துக்கு நகர்ந்தது. ஒரு கிலோ பாலாடைக்கட்டி செய்யப் பத்து லிட்டர் அளவுக்குப் பால் வேண்டும். அதில் பெரும்பகுதி மஞ்சள் கலந்த தெளிநீராகப் பிரிந்துபோகும். அதன் ஒரு பகுதி சத்துமாவாகவும் தீவனமாகவும் பயன்பட்டாலும் மிச்சம் கழிவாகிறது. ஆற்றில் விட்டால் நீரின் உயிர்வளியை உறிஞ்சிவிடும். ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளின் ஆய்வுக்கூடங்களும் சிறு நிறுவனங்களும் ஒன்றிய நிதியில் நடத்திய ‘வேலேயர்’ திட்டம் இந்தத் தெளிநீரின் புரதத்தை எடுத்துக்கொண்டது. பாலாடைக்கட்டித் துண்டுகளையும் இறைச்சியையும் சுற்றும் தாள் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பல அடுக்குகள் கொண்டது. ஓர் அடுக்கு ஈரத்தைத் தடுக்கும், நடுவில் உள்ள ஒன்று காற்றைத் தடுக்கும், வேறொன்று சூட்டில் ஒட்டும். வெவ்வேறு பிளாஸ்டிக்குகளான இந்த அடுக்குகள் பிரியாததால் அந்தத் தாளை மறுசுழற்சி செய்ய முடிவதில்லை. காற்றைத் தடுக்கும் அடுக்குக்குப் பதிலாகப் பால் புரதத்தைப் பூசியபோது உயிர்வளி உள்ளே போகாமல் அது தடுத்தது. நொதி கலந்த நீரில் கழுவினால் புரதம் கரைந்து மற்ற அடுக்குகள் விடுபட்டன. இங்கே உயிர்மூலப் பொருளின் பயன் அது பிளாஸ்டிக்கை ஒழிப்பதில் இல்லை. மற்ற அடுக்குகள் மறுபடி பயன்பட வழிவிட்டு விலகிக்கொள்வதில் இருக்கிறது. ‘வேபேக்’ என்ற மற்றொரு கூட்டுத்திட்டம் இதே தெளிநீரைப் பாக்டீரியாவுக்கு ஊட்டிப் பொதியுறைப் பாலிமர் எடுக்க முயன்றது.

மிச்சத்தைப் பயன்படுத்துவதும் அறச்சிக்கல் இல்லாததன்று. கழிவுக்கு விலை கிடைத்தால் கழிவைக் குறைக்கும் தூண்டுதல் தளரலாம். பெரும் கால்நடைப் பண்ணைகளின் சுமையைப் பேசாமல் அவற்றின் தெளிநீரை மட்டும் பசுமையானது என்பது, கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பதாகும். ஆகவே இந்த ஆய்வுகள் ஒரு பொருளின் தொடக்கம் முதல் முடிவு வரை ஆற்றல், நீர், நிலம், உமிழ்வு அனைத்தையும் எண்ணும் வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கோடு நடத்தப்படுகின்றன. அந்தக் கணக்கிலும் எந்தச் சுமையை யார் தலையில் எழுதுவது என்பதைக் கூட்டல் கழித்தல் தீர்மானிப்பதில்லை. கணக்கெடுப்பவர் முன்கூட்டியே ஏற்கும் மதிப்பீடு தீர்மானிக்கிறது.

பலர் கையில் ஒரு பொறுப்பு

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் பொதுப்பணமும் தனியார் பணமும் சேர்ந்தவை. 2014இல் பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய உயிர்மூலத் தொழில் கூட்டு அமைப்புக்குத் திட்டமிட்ட தொகை 370 கோடி யூரோ. அதில் ஒன்றியத்தின் பங்கு 97.5 கோடி, மற்றது தொழில்துறையுடையது. 2021இல் அதன் இடத்துக்கு வந்த சுழற்சி உயிர்மூல ஐரோப்பா அமைப்புக்கு 200 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. நெதர்லாந்தின் அவான்டியம் நிறுவனம் செடிச் சர்க்கரையிலிருந்து பிஇஎஃப் என்ற குப்பிப் பிளாஸ்டிக் செய்யும் முறை இத்தகைய உதவியோடு வளர்ந்தது. டெல்ஃப்சைல் நகரில் அதற்கான மூலப்பொருள் ஆலை 2024இல் திறக்கப்பட்டது.

கூட்டாய்வின் வலிமையே அதன் அறச்சிக்கலும் ஆகிறது. ஒருவர் பாக்டீரியாவை வளர்க்கிறார், மற்றொருவர் பாலிமரைப் பிரிக்கிறார், மூன்றாமவர் தாளாக இழுக்கிறார், நான்காமவர் அதில் இறைச்சி பொதிகிறார், ஐந்தாமவர் வாங்குபவரின் விருப்பத்தை அளக்கிறார். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகச் செய்தும் முழுப்பொருள் தவறான இடத்தில் போய் முடியலாம். அப்போது பொறுப்பு யாருடையது? தொழில்துறை பணம் போடும் இடத்தில் எந்தக் கேள்விகள் ஆய்வுக்கு வருகின்றன என்பதும் இதன் பகுதியே. எண்ணெய்த் தாளுக்கு மாற்றான தாளைத் தேடும் திட்டத்துக்குப் பங்காளி எளிதில் கிடைப்பார். தாளே வேண்டாத விற்பனை முறையைத் தேடும் திட்டத்தில் விற்பதற்கு எதுவும் மிஞ்சாது. பொதுப்பணம் இருக்கவேண்டிய காரணமும் இதுதான். சந்தை கேட்காத கேள்வியைக் கேட்கும் கடமை அந்தப் பணத்துக்கு உண்டு.

இன்னும் பிறக்காதவர்கள்

பொறுப்பின் எல்லையைத் தொலைவுக்குக் கொண்டுபோனவர் ஜெர்மன் யூதத் தத்துவஞானி ஹான்ஸ் யோனாஸ். 1979இல் வெளியான ‘பொறுப்பு என்னும் கோட்பாடு’ நூலில், பழைய அறநூல்கள் அருகில் வாழ்பவருக்கு இடையிலான கடமையையே பேசின என்றார். தொழில்நுட்பம் மனிதரின் கையைப் பல தலைமுறைக்கு அப்பால் எட்டும்படி நீட்டிவிட்டதால், இன்னும் பிறக்காதவர்க்கும் கடமை உண்டு. விளைவு உறுதியாகத் தெரியாத இடத்தில் நல்ல முன்கணிப்பைவிடக் கெட்ட முன்கணிப்புக்கே அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது அவர் வழி. ஐரோப்பிய ஒன்றியம் தன் சுற்றுச்சூழல் கொள்கைக்கு அடிப்படையாக 1992ஆம் ஆண்டின் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையில் சேர்த்த முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்தச் சிந்தனைக்கு நெருக்கமானது.

யோனாஸின் அளவுகோல் எண்ணெய்ப் பிளாஸ்டிக்கைக் கண்டிப்பது எளிதில் புரியும். அதே அளவுகோல் மாற்றுப் பொருளையும் விடுவதில்லை. மட்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மக்கள் அலட்சியமாக எறியத் தொடங்கினால், பொருள் திருந்தி, பழக்கம் கெட்டதாக ஆகிவிடும். ஐரோப்பிய ஆணையம் 2022 நவம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கை இதனால்தான், எங்கும் மட்கும் என்ற பொத்தாம்பொதுவான விளம்பரத்தை எதிர்த்தது. எவ்வளவு காலத்தில், எந்தச் சூழலில், எந்தப் பயிரிலிருந்து எவ்வளவு பங்கு என்று சொல்ல வேண்டும் என்றது. உண்மை பேசுதல் இங்கே பொருளின் தரத்திலேயே ஒரு பகுதியாகிறது.

வேண்டுமா என்னும் கேள்வி

சமய மரபுகள் இந்தச் சிக்கலுக்குள் வேறு வாசல் வழியே வருகின்றன. முற்றுகையின்போதும் கனிமரங்களை வெட்டலாகாது என்ற உபாகம நூலின் கட்டளையிலிருந்து, எதையும் வீணே அழிக்கலாகாது என்ற பொதுவிதியை யூத அறிஞர்கள் விரித்தெடுத்தார்கள். கிழக்கு மரபுவழித் திருச்சபையின் முதற்பெருந்தலைவர் பர்த்தலமேயு, இயற்கைக்குச் செய்யும் கேட்டைப் பாவம் என்றே 1997இல் சொன்னார். போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல், தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்தது. பொருளை எறியும் பழக்கமும் ஏழையை ஒதுக்கும் பழக்கமும் ஒரே மனப்பான்மையின் இரு விளைவுகள் என்றது. இவை எதுவும் இந்தப் பாலிமர் நல்லது, அது கெட்டது என்று சொல்வதில்லை. எறிபவரின் மனத்தை விசாரிக்கின்றன. மட்கும் கோப்பையைப் பத்து நிமிடம் பிடித்திருந்து எறிபவரும் அந்த விசாரணைக்கு வெளியே இல்லை.

அதற்காக உறையே தீது என்றும் ஆகாது. உணவு கெட்டு வீணாவதைத் தடுக்கும் தாள், அதை விளைவித்த நிலத்தையும் நீரையும் உழைப்பையும் சேர்த்தே காக்கிறது. தேவையை மறுக்காமல் தேவையில்லாததைப் பிரித்தறிவதே கடினமான வேலை. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒன்றியத்தின் புதிய பொதியுறை ஒழுங்குவிதி அந்தப் பிரிவினையைச் சில இடங்களில் செய்து காட்டியது. தேயிலைப் பை, பழத்தின்மேல் ஒட்டும் சிறு வில்லை போன்றவை 2028 முதல் மட்குபவையாக இருக்க வேண்டும். இவை எப்படியும் உணவுக் கழிவோடு கலந்தே போகின்றன, பிரித்தெடுக்க ஆளில்லை. மற்ற பெரும்பாலான உறைகளுக்கு விதி கேட்பது மட்குதலை அன்று; அளவைக் குறைப்பதையும் மறுபயன்பாட்டையும் மறுசுழற்சியையும்.

மூன்று விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் எதுவும் தனித்து நிற்பதில்லை. பிறப்பிடம் முக்கியம், பூமிக்கடியில் இருந்த கார்பனை எடுக்காமல் விடுவது உண்மையான நன்மை. ஆனால் முடிவிடம் ஒழுங்காக இல்லையேல் அந்த நன்மை பாதியில் நிற்கும். முடிவிடத்தை ஒழுங்காக்குவது மூலக்கூறின் வேலையன்று. நகராட்சியும் சட்டமும் விளம்பரமும் வாங்குபவரும் செய்யவேண்டியது. ஆய்வு பொதுவாக எதிலிருந்து செய்வது என்று தொடங்கி, எப்படி முடியும் என்று பார்த்து, யார் பொறுப்பு என்பதைக் கடைசியில் தொட்டு, வேண்டுமா என்பதைக் கேட்காமலே முடிந்துவிடக் கூடும். அறத்தின் வரிசை இதற்கு நேர் எதிரானது: முதலில் வேண்டுமா, பிறகு யார் பொறுப்பு, பிறகு எங்கே போய்ச் சேரும், அதன் பிறகே எதிலிருந்து. கழிவைத் தவிர்ப்பதை முதல் இடத்தில் வைக்கும் ஐரோப்பியக் கழிவுச் சட்டம் 2008இலேயே இந்த வரிசையின் முதல் படியை எழுதி வைத்திருக்கிறது. கூட்டாய்வுத் திட்டங்களும் அதே வரிசையில் கேள்வி கேட்கும்போதுதான் உயிர்மூலப் பிளாஸ்டிக் தனக்குரிய இடத்தையும் எல்லையையும் பெறும்.